பத்து நாள் பார்த்த ஊர்

அவளோடு தெருவில் நடப்பது பெரிய ரோதனை. நன்றாகத்தான் கூட வந்துகொண்டிருப்பாள். என்ன பேச்சையே காணோம் என்று திரும்பினால் ஆள் இருக்க மாட்டாள். பத்தடி பின்னால், சைக்கிளும் மாட்டுவண்டியும் போகிற நடுரோட்டில், தலையை அண்ணாந்து ஏதாவது ஒரு மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஓரமா நில்லு, எவனாவது ஏத்திட்டுப் போயிடப் போறான்" என்று கையைப் பிடித்து இழுத்தால் வருவாள். கண் மட்டும் மேலேயே இருக்கும்.

"அண்ணி, அந்தப் பச்சைக் கதவு போட்ட மாடியைப் பாருங்க. ரெண்டு ஜன்னல். ஒண்ணுல நின்னா ரோடு தெரியும், இன்னொண்ணுல நின்னா சந்து தெரியும். அதுல குடியிருந்தா எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? மூட்டைப்பூச்சி இருக்கும்" என்பேன் நான்.

அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சிரித்துவிட்டு நாலு கடை தள்ளி இன்னொரு மாடிக்குக் குடிபோய்விடுவாள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் அவள் மனசால் குடியேறாத மாடி கிடையாது. மூங்கில் கழியில் துணி காயப்போட்ட ஜன்னல் என்றால் இன்னும் பிடிக்கும். கழி எத்தனை நீளம், அதை எப்படி உள்ளே இழுப்பார்கள், காற்றடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுத் துளைத்துவிடுவாள். எனக்கு என்ன தெரியும்? மூன்று வருஷமாக நான் அந்த ரோட்டில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவள்.

அவள் எனக்கு நாத்தனார் முறை. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள். சித்தப்பா மலாயாவில், ஜொகூரில் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். மகளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தது. பையன் இங்கே துறைமுகக் கிடங்கில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தான். அவன் தரப்பினர் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சித்தப்பா அவளை ரயிலில் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது. அவள் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். பேரைச் சொல்லாமல் விடுகிறேன். இதெல்லாம் இன்னொருத்தருக்குத் தெரிந்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவள் எனக்கு யாராக இருந்தாள் என்பது விளங்காது. பஃப்ளோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்களுக்கு ஒரே ஒரு அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் குடும்பம். அவர்கள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் இருமினால் அவர்களுக்குக் கேட்கும், அதோடு சரி எங்கள் உறவு. என் வீட்டுக்காரர் விடிவதற்குள் துறைமுகத்துக்குப் போனால் விளக்கு வைத்தபிறகுதான் வருவார். "தனியா எங்கயும் போகாதே, ஊர் கெட்டுக் கிடக்கு" என்பது அவர் தினமும் ஓதுகிற மந்திரம். எனக்குத் தெரிந்த சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட், காளியம்மன் கோவில், மறுபடி என் அறை. பிள்ளையும் இல்லை. பேச ஆளில்லாமல் சட்டிபானையோடு பேசிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை, நிஜமாகவே பேசுவேன். "ஏண்டா அடிப்பிடிச்சே" என்று பால் பாத்திரத்தைக் கேட்டது நினைவிருக்கிறது.

அப்படி இருந்தவளிடம் இவள் வந்து சேர்ந்தாள்.

வந்த அன்று சாயங்காலம் ஆறு மணி ஆகப்போகிற நேரம். அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "அண்ணன் இன்னும் வரலையே அண்ணி, கேட்டை மூடிடுவாங்களே" என்றாள்.

"எந்தக் கேட்டை?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள். அது எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் பயந்து மலாயாத் தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டால் விடியும்வரை ஒரு குஞ்சு வெளியே போகக்கூடாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கேட்டில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள், பெண்களின் கொண்டையைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள் என்றாள். வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் கண்ட சாயங்காலம் அதுதான்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் வந்ததும் எங்களை வெளியே கூட்டிப்போனார். கடைகளுக்கு முன்னால் கூரையோடு போகிற அஞ்சடிப் பாதையில் ஒரு கோடிவரை நடந்தோம். விளக்கெல்லாம் போட்டிருந்தது. பூக்கடை, ஜோசியக்காரன், கோப்பிக்கடையில் சத்தம். எதிரே ஒருத்தன் இலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டே நடந்து போனான். அவள் அவன் முதுகு மறையும்வரை பார்த்தாள்.

"இப்ப மணி என்ன அண்ணே?" என்று கேட்டாள்.

"ஏழரை இருக்கும்."

"ஏழரைக்கு வெளியில நிக்கிறேன்" என்றாள், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே.

அவளிடம் ஒரு குணம். எதையும் வேண்டும் என்று கேட்க மாட்டாள். நார்த் பிரிட்ஜ் ரோட்டு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் அரைமணி நின்றாலும், "எடுத்துத் தரட்டுமா" என்றால் வேண்டாம் என்பாள். "சும்மா பாத்துட்டுப் போலாம் அண்ணி" என்பாள். ஜாலான் புசாரில் கேளிக்கைப் பூங்கா இருந்தது, ராட்டினம், நாடகம், என்னென்னமோ. அதன் உள்ளே போகக்கூட ஆசைப்படவில்லை. வாசலில் நின்று உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் பார்த்தாள். எனக்குக் கால் கடுத்தது. "என்னதான் பாக்கறே?" என்றேன். "எல்லாரும் வேற வேற மூஞ்சி அண்ணி" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். நாத்தனாருக்கு ஊர் காட்டுகிறேன் என்று சாக்கு. உண்மையில் ஊர் காட்டியது அவள்தான், வழி தெரியாத எனக்கு வழி தெரியாத அவள். இரண்டு பேரும் தொலைந்து போவோம். நான் பயந்து சாவேன், அவள் கும்மாளமாக இருப்பாள். மேலே கம்பியில் இரண்டு கோல் உரசிக்கொண்டு ஓடுகிற டிராலி பஸ் அப்போது உண்டு. திருப்பத்தில் கோல் கழன்றுவிடும், பஸ் நின்றுவிடும், கண்டக்டர் இறங்கி ஒரு நீளக் கழியால் அதைத் திரும்ப மாட்டுவார். மற்றவர்களுக்கு அது தொல்லை. அவளுக்கு அது சாமி ஊர்வலம் நின்று போகிற மாதிரி. நின்ற இடத்தில் எந்த மாடி இருக்கிறதோ அதில் குடியேறிவிடுவாள்.

ஒருநாள் கொட்டோ கொட்டென்று மழை. மற்றவர்கள் மழை வந்தால் வீட்டுக்குள் ஓடுவார்கள். இவள் வெளியே இழுத்தாள். அஞ்சடியிலேயே நடந்து, கடை மாறிக் கடை மாறி, சேலை நனையாமல் எத்தனை தூரம் போகலாம் என்று பார்க்க வேண்டுமாம். போனோம். ஓரிடத்தில் ஒரு சீனப் பெண்பிள்ளை முறத்தில் பயற்றுமுளையைக் கொட்டி வைத்துக்கொண்டு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தானும் கிள்ள ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு இவள் பாஷை தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. மழை விடும்வரை கிள்ளினார்கள். எழுந்தபோது அந்தப் பெண்பிள்ளை ஒரு பிடி முளையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மூன்று வருஷமாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. இவள் வந்த ஐந்தாம் நாள் காய்கறி வாங்கி வருகிறாள்.

"உனக்கு இந்த ஊர்ல என்னத்தைப் பிடிச்சுது?" என்று அன்றைக்குச் சமைத்துக்கொண்டே கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்சம் யோசித்தாள். "இங்க யாருக்கும் என்னைத் தெரியாது அண்ணி" என்றாள்.

"அது ஒரு நல்லதா? நான் அதுக்குத்தானே தினம் அழறேன்."

"நீங்க தோட்டத்துல இருந்து பாருங்க. நான் தலைக்குக் குளிச்சா அடுத்த லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும். சிரிச்சா, கங்காணி மக யாரைப் பாத்துச் சிரிச்சான்னு ராத்திரி பஞ்சாயத்து. சும்மா மரத்தடியில நின்னா, ஏன் நிக்கறேன்னு நாலு பேரு கேப்பாங்க. சும்மா நின்னேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. இங்க அரைமணியா ரோட்டுல நிக்கிறேன், ஒரு ஆள் ஏன்னு கேக்கல."

எனக்கு அது அப்போது பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, எனக்குக் கசந்த ஊரே கொஞ்சம் கசப்பு குறைந்தது. அந்தப் பத்து நாள் நான் பால் பாத்திரத்தோடு பேசவில்லை.

பெண் பார்த்தது காளியம்மன் கோவிலில். வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காமல் போனால் பெண்ணுக்குப் பேர் கெடும் என்று, தற்செயலாகச் சந்தித்த மாதிரி கோவிலில் பார்ப்பது வழக்கம். பையனும் அவனுடைய பெரியப்பாவும் வந்தார்கள். பையன் ஒல்லி, நிதானமான முகம், பேச்சும் நிதானம். இந்தியாவிலிருந்து சின்ன வயசில் மலாயாவுக்கு வந்தவன், இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம். இவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கோவில் வாசலுக்கு எதிரே இருந்த மாடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் முழங்கையால் இடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "என்னம்மா, பையன் எப்படி?"

"எங்க குடியிருக்காங்க அண்ணே?" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா, எங்க வீட்டுப் பொண்ணு விவரம்" என்று என்னிடம் பெருமை. "ரேஸ் கோர்ஸ் ரோட்டுல மாடியில ஒரு ரூம். இன்னும் மூணு பேரோட இருக்கான். கல்யாணம் ஆனா அவங்க காலி பண்ணிடுவாங்க."

"எனக்குச் சரி அண்ணே" என்றாள்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் திருட்டுத்தனமாக ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கோப்பிக்கடைத் தூணை ஒட்டி நின்றோம். மாடியில் ஒரே ஜன்னல், ஒரு கதவு உடைந்து தொங்கியது, வெளியே கழியில் ஆம்பிளைச் சட்டைகள். பார்க்க ஒன்றும் சிலாக்கியமாக இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தக் கதவை முதல்ல சரி பண்ணணும்" என்றாள். அதுவரைக்கும் எத்தனையோ மாடிகளைச் சும்மா பார்த்தவள், இதைப் பார்த்தபோது குரலே வேறாக இருந்தது.

நானும் கணக்குப் போட்டேன். காலையில் ஆம்பிளைகள் போனதும் அவள் என் வீட்டுக்கு வருவாள், இல்லாவிட்டால் நான் அவள் வீட்டுக்குப் போவேன். சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போவோம். எனக்குப் பிள்ளை பிறந்தால் அவள் பார்த்துக்கொள்வாள், அவளுக்குப் பிறந்தால் நான். ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்குமா என்றுகூட யோசித்தேன். கேட்காது, நடுவில் ஒரு தெரு இருக்கிறது. ஆனாலும் யோசித்தேன்.

வெற்றிலை பாக்கு மாற்றுவதற்குச் சித்தப்பா தோட்டத்திலிருந்து வந்தார். கீழே மளிகைக் கடைக்காரர் அன்றைக்குத் தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். பாய் விரித்து ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். அவள் பின்கட்டில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், நான் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பையனுடைய பெரியப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எல்லாம் அம்பாள் பொருத்தம். பையனுக்கு இந்த ஊர் ஆகவே இல்ல. நாலு வருசமா மனுப் போட்டு, இப்பத்தான் வடக்கே கெடாவுல ஒரு தோட்டத்துல கிராணி வேலை கெடைச்சிருக்கு. தை மாசம் சேரணும். பொண்ணும் தோட்டத்துப் பொண்ணு. பழகின பூமி. கஷ்டப்படாது."

"அதான் எனக்கும் திருப்தி" என்றார் சித்தப்பா. "டவுன்ல குடுத்தா எம் பொண்ணு எப்படிப் பொழைக்குமோன்னு இருந்துச்சு."

பூ என் கையிலேயே நின்றுவிட்டது. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கு ஆபீஸர். கௌரவமான வேலை, தனி வீடு. கங்காணி மகளுக்கு அதைவிடப் பெரிய இடம் கிடைக்குமா? யாரும் எதையும் மறைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு முந்தின நாளே கிடங்கில் தெரிந்துவிட்டது. சித்தப்பாவுக்குக் காலையில் கோப்பிக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல செய்திதானே, பெண்பிள்ளைகளிடம் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். எங்கே குடியிருக்கிறார் என்று அவள் கேட்டாள். எங்கே குடியிருக்கப் போகிறோம் என்று கேட்கத் தெரியவில்லை. கல்யாணம் என்றால் அங்கே போய் இருப்பது என்றுதான் நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"போய் வேண்டாம்னு சொல்லு" என்று அவள் காதில் சொன்னேன். "இல்ல, நான் போய்ச் சொல்றேன்."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என்ன காரணம் அண்ணி சொல்றது? குடிகாரரா? மூத்த சம்சாரம் இருக்கா? ஊரு பிடிச்சிருந்துச்சு, அதுக்காகத்தான் சரின்னேன்னு சொன்னா எங்கப்பா தலை நிமிர முடியுமா?"

அந்த நேரத்தில் பையன் கை கழுவப் பின்கட்டுக்கு வந்தான். எங்களைக் கண்டதும் தயங்கி நின்றான். நான் போகாமல் அங்கேயே நின்றேன். அவள் எழுந்து செம்பில் தண்ணீர் மொண்டு அவன் கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், கேட்டாள்.

"அங்கயும் ஆறு மணிக்குக் கேட்டை மூடிடுவாங்களா?"

பாவம், அவன் என்ன கண்டான். பெண் பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டான். முகமெல்லாம் கனிந்துபோய், "மூடிடுவாங்க, மூடிடுவாங்க. காவலுக்கு ஆள் இருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றான். பிறகு அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கும், இன்னும் இரண்டு வார்த்தை சொன்னான். "இந்த ஊர்ல யாருக்கும் யாரையும் தெரியாதுங்க. நாலு வருசமா ஏன்னு கேக்க ஆளில்லாம இருந்துட்டேன். அங்க போயிட்டா எல்லாருக்கும் நம்மைத் தெரியும்."

"சரிங்க" என்றாள் அவள். செம்பில் இருந்த மீதித் தண்ணீரையும் ஊற்றினாள்.

அவனைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. அவன் சொன்னது அத்தனையும் என் வாயால் நான் சொல்கிற புலம்பல். அவன் தனிமை எனக்கு நன்றாகத் தெரியும், அதே சரக்குத்தான் என்னிடமும் இருந்தது. அவளை அங்கே கொண்டுபோய்த்தான் அது தீர வேண்டுமா என்றுதான் வயிறு எரிந்தது.

எல்லாரும் போனபிறகு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "அவ இந்த ஊர்ல இருக்கத்தாங்க சரின்னா. இங்கயே வேற இடம் பாருங்க."

"ஊரையா கட்டிக்கப் போறா?" என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீயா போய் அந்த வேலையைப் பாக்கப் போறே?" அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. "பத்து நாள் பாத்த ஊருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பொண்ணே வாயைத் திறக்கல, நீ ஏன் குதிக்கிறே?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

பொண்ணு வாயைத் திறந்தாள், மறுநாள். சித்தப்பாவோடு சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும். சாப்பாடு முடிந்து ஆம்பிளைகள் கண்ணயர்ந்திருந்தார்கள். "அண்ணி, ஒரே ஒரு தடவை நான் மட்டும் தனியா பஸ்ல போய்ட்டு வரட்டா?" என்றாள். அந்தப் பத்து நாளில் என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கீழே கூட்டிப்போய் டிராலி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கடைசி ஸ்டாப்பில் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அதே இடத்தில் நின்றேன். ஒரு பஸ் வந்தது, அதில் அவள் இல்லை. இன்னொன்று வந்தது. சித்தப்பா எழுந்தால் என்ன சொல்வேன் என்று வியர்த்தது. நடுவில் ஒரு நினைப்பு வந்தது, இவள் வராமலே போய்விட்டால் என்ன? எங்கேயாவது ஒரு மாடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளட்டுமே. அப்படி நடக்காது என்று தெரியும். தெரிந்தும் அம்மனிடம் அதைத்தான் வேண்டினேன்.

வந்துவிட்டாள். இறங்கியதும் முகம் தெளிவாக இருந்தது.

"என்ன பாத்தே?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு சீனப் பொம்பளை உக்காந்தா, எந்திரிச்சுப் போனா. அப்புறம் ஒரு மலாய்க்காரம்மா. அவங்க புள்ளை எம்மேல சாஞ்சு தூங்கிடுச்சு. ஒருத்தரும் நீ யாரு மக, எங்க போறேன்னு கேக்கல."

சொல்லிக்கொண்டே வந்தவள் அஞ்சடித் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகை. ஆள் நடமாட்டம் நிறைய. எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள், யாரும் நிற்கவில்லை. அழுது முடிக்கும்வரை நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு முகம் கழுவிவிட்டு மேலே கூட்டிப்போனேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அவள் கெடாவுக்குப் போனாள்.

நான் அவளை மறுபடி பார்த்தது அறுபதுகளில், அவளுடைய மூன்றாவது பிள்ளைக்குக் காது குத்துகிறபோது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் என் மகளும் போனோம். அதற்குள் எனக்கும் ஊர் பழகியிருந்தது. குவீன்ஸ்டவுனில் கவர்மெண்ட் கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். தனியாகவே எங்கேயும் போய்வருவேன். ஒரு புது ரோடு திறந்தால், ஒரு கட்டடம் எழும்பினால், இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். என் மகளிடம் சொன்னால் அவளுக்குக் கொட்டாவி வரும், பிறந்ததிலிருந்து பார்க்கிற ஊர்தானே. அப்படி எத்தனையோ வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

கிராணி வீடு நன்றாக இருந்தது. பலகை வீடுதான், ஆனால் பெரிய தாழ்வாரம், சுற்றிலும் பூச்செடி. எமர்ஜென்சி முடிந்து முள்வேலியெல்லாம் எடுத்தாகிவிட்டது. அவள் சற்றுப் பருத்திருந்தாள். வழியில் போகிறவர்களெல்லாம் "கிராணியம்மா" என்று நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அவளும் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி விசாரித்தாள். அவள் புருஷன் அவளை ஒரு சுடுசொல் சொல்லாதவர், பார்த்தாலே தெரிந்தது. பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிற ஆம்பிளையை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

ஊரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக, "சிராங்கூன் ரோட்டுல இப்ப..." என்று ஆரம்பித்தேன். "பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா பாருங்க அண்ணி" என்று கரண்டியை நீட்டினாள். இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது பிள்ளை அழுகிறது என்று எழுந்து போனாள். பிள்ளை அழவில்லை. அதற்கப்புறம் நான் ஆரம்பிக்கவில்லை.

சாப்பிடும்போது அவர் சொன்னார். "வருசா வருசம் லீவுக்குச் சிங்கப்பூர் போய் உங்களையெல்லாம் பாத்துட்டு வரலாம்னு கூப்பிடறேன் அக்கா. அசைய மாட்டேங்கறா. எனக்காவது பரவாயில்ல, இவளுக்கு அந்த ஊர் பேரைச் சொன்னாலே ஆகாது." பெருமையாகத்தான் சொன்னார். தனக்கு வாய்த்தது தன் மாதிரியே ஒரு மனசு என்று அத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள்.

பின்கட்டில் பாத்திரம் ஒழிக்கிறபோது கேட்டேவிட்டேன். "ஏன் வரமாட்டேங்கறே? நான் இருக்கேன், வீடு இருக்கு. பத்து நாள் வந்து இருந்துட்டுப் போயேன்."

அவள் கழுவிய சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "வந்தா திரும்பி வரணுமே அண்ணி" என்றாள். அடுத்த பாத்திரத்தை எடுத்துக் கழுவிக்கொண்டே, "ஒரு தடவை திரும்பி வந்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றாள். அவ்வளவுதான். உள்ளே இருந்து அவர் குரல் கொடுத்தார், வெற்றிலை எங்கே என்று. "இதோ வந்துட்டேங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எப்படி இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கா."

"பாத்தியா? அன்னைக்கு என்னமோ அந்தக் குதி குதிச்சியே. ஏதாவது குறை உண்டா அவளுக்கு?"

நான் யோசித்துப் பார்த்தேன். வீடு, பிள்ளைகள், ஊர் மரியாதை, தங்கமான புருஷன். ஒன்றைக்கூடக் குறை என்று எடுத்துச் சொல்ல முடியவில்லை.

"ஒரு குறையும் இல்லைங்க" என்றேன்.

அவருக்கு நிம்மதி. மகளிடம் என்னமோ வேடிக்கை சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அந்த ஸ்டேஷனில் அத்தனை ஜனம். அவளுக்காக வருத்தப்பட அந்த ஊர் முழுக்க நான் ஒருத்திதான் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கும் ஒரு ஆள் இல்லை.